கிழவி வச்ச தென்னை

போன வாரம் தங்கச்சி மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். மோட்டார் ரூம் நிழல்ல உக்காந்து போன்ல ஒரு பாட்டைப் போட்டான். 2021 மார்ச்சுல வந்து ஊரையே ஆட வச்ச ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு. அறிவு எழுதி, தீயும் அவரும் பாடினது. சந்தோஷ் நாராயணன் இசை.

“மாமா, நூறு தடவை கேட்டுட்டேன். ஆட்டம் வருது, அர்த்தம் பிடிபடல. நடுவுல சேவல் எச்சம் வருது, பாகற்காய் வருது. எதுக்குன்னே தெரியல”ன்னான்.

வரப்புல நின்ன வேப்பமரத்தைக் காட்டினேன். “இதை யாரு நட்டா?”

“தாத்தாவா?”

“இல்ல மாப்ள. காக்கா பழத்தைத் தின்னுட்டு எச்சம் போட்டுச்சு, முளைச்சுது. காடெல்லாம் அப்படி வந்ததுதான். மனுசன் பட்டா போட்டது அப்புறம்.”

பாகற்காயும் அப்படித்தான். பந்தல்ல நல்ல காயா ஒண்ணைப் பறிக்காம விதைக்கு விடுவோம். அது பழுத்து வெடிச்சா உள்ள செவசெவன்னு விதை தெரியும். அப்பன் ஆத்தா நமக்கு விட்டுட்டுப் போறது அதுதான். விதை விலைக்கு வாங்குற காலத்துல இது புரியறது கஷ்டம்.

அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல பாடுபட்டவங்க. இங்கேருந்து போனவங்க காட்டை அழிச்சுத் தேயிலை வச்சாங்க. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. தோட்டத்தை உண்டாக்கினவங்க வெறுங்கையோட கப்பலேறி வந்தாங்க. அதனாலதான் ஆடுற பாட்டுக்கு நடுவுல ஒப்பாரி வருது. மரம் வளர்த்தேன், தோட்டம் செழிச்சுது, என் தொண்டை மட்டும் நனையலங்கிற அழுகை.

இதுவரைக்கும் வாத்தியார் மாதிரி சொல்லிட்டேன். அப்புறம் அவன், “அப்ப எஞ்சாமின்னா யாரு மாமா?”ன்னான்.

அங்கதான் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

எங்க கிணத்து மேட்டுல இருக்கிற பதினோரு தென்னையும் ஒரு கிழவி வச்சது. எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். மூணு கோடை, குடத்துல தண்ணி சுமந்து ஊத்தி அந்தக் கன்னுகளைக் காப்பாத்தினா. எங்கப்பாவை ‘சாமி’ம்பா. அரை டவுசர் போட்ட என்னைய ‘சின்னச்சாமி’ம்பா. அதே கிழவி சாயந்தரம் பேரனைத் தூக்கி, ‘எஞ்சாமி, எந்தங்கம்’னு கொஞ்சுவா. சொல்லு ஒண்ணுதான். எங்ககிட்ட சொல்லும்போது குரல் தணியும், கை கட்டும். பேரன்கிட்ட சொல்லும்போது முகமே மலரும்.

அவளுக்குத் தாகம் எடுத்தா எங்க அப்பத்தா சொம்பைத் தூக்கிப் பிடிச்சு மேல இருந்து ஊத்தும். அவ ரெண்டு கையையும் ஏந்தி, குனிஞ்சு குடிப்பா. கன்னுக்குக் குடம் குடமா ஊத்தினவ. பாதித் தண்ணி முழங்கை வழியா ஓடிரும். நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அப்ப எனக்கு அது தப்பாவே தெரியல.

இதையும் அவன்கிட்ட சொன்னேன். போனை அணைச்சுட்டு, “அந்தப் பாட்டிக்கு நீங்க ஏதாச்சும் கொடுத்தீங்களா மாமா?”ன்னு கேட்டான்.

கூலி கொடுத்தோம். பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுத்தோம். மரம் எங்ககிட்ட இருக்கு. இன்னைக்கும் நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு விழுது.

கிழவி செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலையில இருக்கான். பொங்கலுக்கு ஊருக்கு வருவான். இந்தத் தடவை அவனை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, அந்த மரத்து இளநீயை வெட்டிக் கொடுக்கணும்னு இருக்கேன். கடன் அதோட தீராதுன்னு தெரியும். அவன் வருவானான்னும் தெரியல.

அடுத்த தடவை அந்தப் பாட்டுக்கு ஆடும்போது, உங்க தாத்தாவை யாரு ‘சாமி’ன்னு கூப்பிட்டாங்க, இல்ல உங்க தாத்தா யாரைக் கூப்பிட்டாருன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க.