கழற்றாத சட்டை

வாடிப்பட்டிப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் நாங்கள் குதித்துக் கும்மாளமிட்ட நாட்களில் அவன் மட்டும் சட்டையைக் கழற்றியதேயில்லை. எங்களைவிட ஒரு சாண் உயரம், நீண்ட கால்கள், மீசை அரும்பவில்லை, மார்பு சற்றே புடைத்திருந்தது. பட்டப்பெயர் ஒன்றும் வைத்தோம். அதை இங்கே எழுதக் கூசுகிறது.

மணமாகிக் குழந்தையில்லாமல் மதுரையில் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது: எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதல். 1942இல் ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் விவரித்த நிலை. காரணம் பிடிபட்டது 1959இல். விரைகள் சிறுத்திருக்கும், தாடி அடர்த்தியாக வளராது. பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு உண்டு என்கிறார்கள். அப்படியானால் எங்கள் பள்ளியிலேயே இன்னொருவன் இருந்திருக்கலாம், பட்டப்பெயர் வைத்த கூட்டத்திலேகூட.

இப்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறான், மீசையும் வைத்திருக்கிறான். கால்வாய்க்குக் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை.