ஏட்டில் ஏறாத வீரம்

1999-ஆம் வருஷத்துக் கார்கில் யுத்தத்தில், படாலிக் முனையில் 70-வது காலாட்படைப் பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் ஸிங். அவருக்கு யுத்த வீரத்துக்குரிய பதக்கம் கிட்டவில்லை. விசிஷ்ட சேவா பதக்கந்தான் கிடைத்தது. மேலதிகாரி எழுதிய யுத்த அறிக்கை தம் பங்கை மறைத்துவிட்டது என்று வழக்காடினார். 2010 மே மாதம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அவ்வறிக்கை பாரபட்சமுடையது, திருத்தப்பட வேண்டும் என்று கூறிற்று. சிகரங்களை மீட்க மூன்று மாதங்கூட ஆகவில்லை. ஒரு காகிதத்தைத் திருத்தச் சொல்லப் பதினோரு வருஷம்!

பிரிகேடியருக்கே இந்தப் பாடு என்றால், ஹவில்தாருக்கு? எங்கள் பூந்தமல்லி டிரங்க் ரோட்டருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், அதே யுத்தத்தில், குண்டுமாரிக்கிடையே காயமுற்ற இருவரைத் தூக்கி வந்தவர். டிஸ்சார்ஜ் புஸ்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்.

“பென்ஷன்தான் வருகிறதே, ஐயா?” என்றேன்.

“பேரன் நம்பமாட்டேன் என்கிறான், ஸார்” என்றார்.

தூக்கி வரப்பட்டவர்களில் ஒருவர் உயிரோடிருக்கிறார். அவருடைய சாட்சியக் கடிதத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். படைப் பிரிவின் யுத்த நாட்குறிப்பைப் பரிசீலிக்க வேண்டுமென்றும் கேட்டிருக்கிறோம். கையெழுத்திடும்போது மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பட்டாள நம்பரை எழுத மட்டும் அது தேவைப்படவில்லை.