ஒரு பழைய வள்ளத்தின் விலை

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. இஞ்சின் போட்டு எங்களுக்குச் சரிவராது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. நாங்கள் மூன்று பேர். மூன்று பேரிடமும் சேர்த்து ஒன்றரை லட்சம் இருந்தது. அதற்குள் ஒரு பாய் வள்ளம் வாங்கித் திருத்தியும் எடுக்க வேண்டும்.

மறிச்சுக்கட்டியில் ஒரு மாமா தன்னுடைய வள்ளத்தை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். ஒன்றரை லட்சம் சொன்னார். நாங்கள் உடனே விலை பேசவில்லை. ஓடாவி ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர் ஏராவைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார், பலகைகளைத் தட்டிச் சத்தம் கேட்டார், கலப்பற்றைச் சுரண்டினார். இரண்டு பலகை மாற்ற வேணும், பாய் புதுசு வேணும், கூலியோட 42 ஆயிரம் என்றார். இதே அளவில் நல்ல வள்ளம் ஒன்று 1,40,000க்குப் போகும் என்று முன்பே நாலு இடத்தில் விசாரித்திருந்தோம். கழித்தால் 98 ஆயிரம்.

எங்களில் ஒருத்தன் காதுக்குள் சொன்னான்: "ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தானாம் விக்கிறார். எழுபது கேள், தருவார்."

உண்மைதான், தந்திருப்பார். ஆனால் 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய முதல் வள்ளம் இந்தக் கரையிலேயே நின்றுபோனது. அதற்கு யாரும் விலை பேசவில்லை. இரண்டாவதையும் அவருடைய இல்லாமையைப் பார்த்து வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. கணக்கை அப்படியே அவர் முன் வைத்தோம்.

1905இல் இதே மறிச்சுக்கட்டியில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அதை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பழைய வள்ளம் அப்படியில்லை. விற்பவருக்கு எல்லாம் தெரியும், வாங்குகிறவருக்குத்தான் தெரியாது.

மாமா கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பிப்போய் பாய்மரத்தின் அடியைக் காட்டினார்.

"இதை ஓடாவி பார்க்கல்ல தம்பி. உள்ளுக்க உக்கிப் போச்சு. காத்துக் கூடினா நிக்காது. இதையும் கழிச்சிக்கோங்க."

அது 8 ஆயிரத்து வேலை. முழுவதையும் அவர் தலையில் போட வேண்டாமென்று பாதி பாதியாகப் பிரித்தோம். 94 ஆயிரத்தில் முடிந்தது. பாதிக் காசை அன்றைக்கே கொடுத்தோம். மீதியை, கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு எங்கள் பேருக்கு மாறிய பிறகு கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு அவர் கோபிக்கவில்லை. "அப்பிடித்தான் செய்யணும்" என்றார்.

எழுபதுக்குக் கேட்டிருந்தால் 24 ஆயிரம் மிஞ்சியிருக்கும். பாய்மரத்தின் அடியை மட்டும் அவர் காட்டியிருக்க மாட்டார்.