ஒரே விளையாட்டு, ஐந்து கோப்புறைகள்

ஐம்பது வயதைத் தாண்டிய பத்திரிகையாளன் ஒருவன் நள்ளிரவில் கணினியின் முன் அமர்ந்து காரோட்டும் விளையாட்டு ஆடுகின்றான் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுப் போகட்டும். பத்திரிகை அச்சுக்குப் போன பின்னர் உடனே உறக்கம் வருவதில்லை. அந்நேரங்களில் சிலர் சீட்டாடுவர்; சிலர் பழைய பாடல் கேட்பர். நான் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் கார் ஓட்டுவேன். இருபது கிலோமீற்றருக்கும் மேல் நீளமான வடக்கு வளையம் அது. வெள்ளவத்தையில் கதிரையில் இருந்தவாறே அதனைச் சுற்றி வருவதற்கு எனக்கு ஒன்பது நிமிடங்கள் போதும்.

விளையாட்டின் பெயர் ஆர்-ஃபெக்டர். இமேஜ் ஸ்பேஸ் இன்கோர்ப்பரேட்டட் என்னும் அமெரிக்க நிறுவனம் இதனை 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ரயரின் சூடு, எரிபொருளின் பாரம், காற்றின் அழுத்தம் யாவற்றையும் கணக்கிட்டு, நிஜக் கார் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ஆயினும் இத்தனை ஆண்டுகள் இதற்கு உயிர் கொடுத்தவர்கள் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களே. எவரும் தாம் விரும்பிய காரையோ பாதையையோ செய்து சேர்த்துக்கொள்ளும்படி நிறுவனத்தார் கதவைத் திறந்து வைத்திருந்தனர். அவ்வாறு சேர்க்கப்படுபவற்றை 'மொட்' என்பர். சி.டி.டி.பி. என்ற குழுவினர் 2006 ஆம் ஆண்டு ஃபோர்முலா வன் கார்களை அப்படியே உருவாக்கி இலவசமாக வழங்கினர். பழங்காலப் பந்தயக் கார்களைச் செய்தவர்களும் இருந்தனர். ஊதியம் இன்றி, பெயர்கூடப் பெரிதாக வெளியே தெரியாமல் உழைத்த மனிதர்கள்.

எங்கள் வீட்டுக்கு இதனைக் கொண்டுவந்தவன் என் மகன். 2009 ஆம் ஆண்டு. அவனுக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் ஒரே கணினி. பகலில் நான் கட்டுரை எழுதுவேன். மாலையில் அவன் கார் ஓட்டுவான். மொட்டுகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட். எங்கள் வீட்டு இணைப்பில் அவற்றை இறக்கப் பல நாட்கள் ஆகும் என்பதால், நண்பர் வீடுகளிலிருந்து இறுவட்டுகளில் கொண்டுவருவான். வந்தவை எல்லாம் ஒரே கோப்புறைக்குள் போயின. அங்கேதான் வினை தொடங்கியது.

ஒருநாள் அவன் எழுபதுகளின் கார்களோடு பந்தயம் தொடங்கினான். வரிசையில் அவனுக்கு முன்னால் அண்மைக்கால ஃபோர்முலா வன் கார் ஒன்று நின்றது. பாட்டனின் திருமணப் படத்தில் பேரன் நிற்பது போன்ற காட்சி. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. ஒவ்வொரு காரின் கோப்பிலும் அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று ஒரு வரி இருக்கும். மொட்டின் தலைமைக் கோப்பு அந்த வகுப்புப் பெயரைக் கொண்டே கார்களைத் திரட்டும். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுவினர் தத்தம் கார்களுக்கு ஒரே வகுப்புப் பெயரை இட்டிருந்தனர். கணினி என்ன செய்யும்? பெயரை நம்பி இருசாராரையும் ஒன்றாக அழைத்துவிட்டது.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இதனிலும் கொடியவை. புதிய மொட்டை நிறுவும்போது, "இப்பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு உள்ளது, அதன்மேல் எழுதவா?" என்று கணினி கேட்கும். நாம் யோசியாது 'ஆம்' என்போம். அதன் பின் ஒரு காரின் ஒலி மாறியிருக்கும்; இன்னொன்றின் நிறம் மாறியிருக்கும். மேம்படுத்தப்பட்ட பாதை என்று ஒன்றைப் பழையதன் மேல் இட்டால், தெருவின் பிடிமானத்தைக் கூறும் கோப்பும் சேர்ந்து மாறிவிடும். பெயர் அதே நூர்பர்க்ரிங், தெருவோ வேறு. நேற்று எடுத்த நேரத்தையும் இன்று எடுத்த நேரத்தையும் ஒப்பிடுவதில் இனிப் பொருள் இல்லை.

எங்களுக்கோ ஒப்பிடுவதுதான் முழு விளையாட்டுமே. நூர்பர்க்ரிங்கில், பழைய கார் ஒன்றில், மகனின் நேரம் 8 நிமிடம் 31 விநாடி. என்னால் 8.40 இற்குக் கீழே இறங்க முடியவில்லை. காலையில் பாடசாலைக்குப் போகுமுன் அவன் திரையைப் பார்ப்பான். "என்னப்பா, இன்னும் நாற்பதிலேயோ நிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டுவான்.

2013 இல் அவன் படிப்புக்காக ரொறொன்ரோ சென்றான். கணினி எனக்கே எனக்கென்று ஆயிற்று. மறு ஆண்டு, விளையாட்டு திறப்பதற்கே நெடுநேரம் எடுப்பதைக் கண்டு வழி தேடினேன். ஓட்டுநரின் பெயரில் சி.சி.எச். என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும்; மொட்டுகள் பெருகப் பெருக அதுவும் பெருத்துவிடும்; அதனை அழித்தால் விரைவாகும் என்று அறிந்தேன். அழித்தேன். உண்மையிலேயே விரைவாயிற்று. இரண்டு நாட்களின் பின்னர்தான் அக்கோப்பினுள் இருந்தது என்ன என்பதைக் கண்டேன். ஒவ்வொரு பாதையிலும் எடுத்த மிகச்சிறந்த நேரங்கள் அதிலேதான் எழுதப்பட்டிருந்தன. நாங்கள் இருவரும் ஒரே ஓட்டுநர் பெயரில் ஓட்டியவர்கள். 8.31 போய்விட்டது. அதனை மகனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகே ஒழுங்குக்கு வந்தேன். விளையாட்டை ஐந்து கோப்புறைகளாகப் பிரித்தேன். முதலாவது, எதுவும் சேர்க்காத அசல். இதனை ஓட்டுவதில்லை; பிரதி எடுப்பதற்கு மாத்திரம். இரண்டாவது ஃபோர்முலா வன். மூன்றாவது பழங்காலக் கார்கள். நான்காவது பரிசோதனைக்கு, புதிதாக வரும் எதுவும் முதலில் இதற்குள்தான் போகவேண்டும். ஐந்தாவதைப் பற்றிப் பின்னர் கூறுகின்றேன். ஒவ்வொரு பிரதியும் பல கிகாபைட் இடம் பிடிக்கும்தான். ஆனால் வன்தட்டைப் பணம் கொடுத்து வாங்கலாம்.

ஒரு கோப்புறைக்குள்ளேயே மொட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த விரும்புவோருக்கு ஜே.எஸ்.ஜி.எம்.ஈ. என்ற சிறு மென்பொருள் உண்டு. மொட்டை இயக்கும்போது அது அசல் கோப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் புதியதை இடும். நிறுத்தும்போது அசலை மீண்டும் அதன் இடத்தில் வைக்கும். இரண்டு மொட்டுகள் ஒரே கோப்பில் கைவைத்தால் எச்சரிக்கும். ஒரே விதிதான்: கடைசியாக இட்டதை முதலில் கழற்ற வேண்டும். பின்னர் 2013 இல் வெளிவந்த ஆர்-ஃபெக்டர் 2, காருக்கும் பாதைக்கும் பதிப்பெண் இட்டு இச்சிக்கலைப் பெருமளவு தீர்த்தது.

இவையெல்லாம் பத்திரிகைத் தொழிலில் நாங்கள் ஏற்கனவே கற்ற பாடங்கள்தாம். தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறிமுறையில் இருந்த காலத்தில், ஒரே பெயருடைய எழுத்துருவின் இரண்டு பதிப்புகள் இரண்டு கணினிகளில் இருக்கும். ஒன்றில் செவ்வையாக வடிவமைத்த பக்கத்தை மற்றொன்றில் திறந்தால் சில எழுத்துகள் மாறித் தெரியும். ஒப்புநோக்குநர் தலையில் அடித்துக்கொள்வார். பெயர் ஒன்றாக இருப்பதை நம்பாதே, அசல் பிரதியில் திருத்தாதே என்று இளையவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கின்றேன். வீட்டிலே மறந்துபோனேன்.

கடந்த ஆண்டு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது பழைய வெளி வன்தட்டு ஒன்று கிடைத்தது. 2010 இல், ஏதோ ஒரு பெரிய மொட்டை நிறுவுமுன் மகன் முழுக் கோப்புறையையும் அப்படியே பிரதி எடுத்து வைத்திருக்கின்றான். பதினைந்து வயதுப் பையனுக்கு இருந்த முன்யோசனை தகப்பனுக்கு இருக்கவில்லை. அதனுள் சி.சி.எச். கோப்பு இருந்தது. 8.31 இருந்தது. அந்தச் சுற்றின் பதிவும் இருந்தது.

இத்தகைய பதிவு நிழற்படம் போன்றதன்று. அதே காரும் அதே பாதையும் அதே பதிப்பில் இருந்தால்தான் அது ஓடும். அங்கே இரண்டும் கைபடாமல் இருந்தன. ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் மகன் இல்லை, கார்தான். ஆனால் கருசெல் என்னும் அந்தக் கொங்கிறீற் வளைவில் அவன் எப்போதும் பிரேக்கைப் பிந்தித்தான் பிடிப்பான். 'அவசரப்படாதை தம்பி' என்று நான் பின்னால் நின்று சொல்வேன். காரும் அங்கே பிந்தித்தான் பிரேக் பிடித்தது.

அன்றிரவு தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பை அழித்த கதை உட்பட. சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்பா, அதுக்குள்ளை இனி ஒண்டையும் போட்டிடாதேங்கோ" என்றான்.

அதுதான் ஐந்தாவது கோப்புறை. அதன் பிரதி ஒன்று இப்போது ரொறொன்ரோவிலும் இருக்கின்றது. அதே பாதையையும் அதே காரையும் மூன்றாவது கோப்புறைக்குள் பிரதி செய்து, இரவுகளில் ஓட்டி வருகின்றேன். இதுவரை 8.34. இன்னும் மூன்று விநாடிகள் இருக்கின்றன.