சில்லைப் பாத்து வாங்கு பிள்ளை

கனடாவில இருந்து தங்கச்சி கேட்டிருக்கிறாள்:
"அக்கா, ஐயனார் திருவிழாவுக்கு அனலைதீவுக்கு வாறம். மகனுக்கு நாலு வயசு, 18 கிலோ. தள்ளுவண்டில் கொண்டுவரட்டோ?"

கொண்டு வா. வெயிலுக்க அந்தப் பிஞ்சு எவ்வளவு தூரம் நடக்கும்?

ஆனா சின்னச் சில்லு வேண்டாம்.
எங்கட மணல் ஒழுங்கையில புதைஞ்சுபோம்.
பெரிய சில்லு, காத்தடிக்கிற ரயர், முன்சில்லைத் திரும்பாமப் பூட்டுற வசதி.

எவ்வளவு பாரம் தாங்கும் எண்டும் பார். கனக்க வண்டிலுகள் 15 கிலோவோட சரி. ஐரோப்பியத் தரத்தில 22 கிலோ வரைக்கும் தனிப் பிரிவே இருக்கு.

சுகமா மடிக்கவும் வேணும்.
தீவுக்குப் பாலமில்லை, ஊர்காவற்றுறையில படகில ஏத்தவேணும்.

இதை எழுதேக்க மனம் வேற பக்கம் போகுது.
நடக்கேலாத பெரிய பிள்ளையளை இடுப்பில சுமந்து படகேறுற தாய்மாருக்கு, இப்பிடி ஒரு வண்டில் ஆர் குடுப்பினம்?