முதல் எதிர்மனுதாரர் உன் அம்மா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். விடியற்காலை, ரேடியல் ரோடு, உன் நண்பன் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான், ஒட்டினாற்போலப் பின்னால் உன் வண்டியில் நீ. ‘எப்படி இருக்கு சித்தி?’ என்று கேட்டிருந்தாய். அவன் தூக்கியதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. இடது ஓரமாக எக்ஸெல் வண்டியில் தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் போனாரே, என் கண் அவர் மேலேயே நின்றுவிட்டது. நீங்கள் உரசினாற்போலக் கடந்ததும் அவர் வண்டி ஓர் ஆட்டம் ஆடி, மண்ணில் இறங்கி நின்றது. உங்களில் ஒருவரும் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கலாம், அதையும்தான் கழற்றி வைத்திருக்கிறீர்களே.

‘இதெல்லாம் வேண்டாம்டா’ என்று நான் எழுதியதற்கு உடனே பதில் போட்டாய்: ‘விழுந்தா நான்தானே சித்தி விழப்போறேன்.’ அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுக்கப் படி.

சித்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ‘ஹைகோர்ட் பக்கம் ஏதோ வக்கீல்’ என்பாய். அந்த வளாகத்திலேயே இருக்கிற சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் என் பிழைப்பு. எம்.சி.ஓ.பி. என்று நம்பர் போட்டு வருகிற மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள். கட்டைப் பிரித்தால் எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. எஃப்.ஐ.ஆரில் எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் ஒரே வாசகம்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி.’ அந்த வாசகத்துக்குப் பிறகு வருகிற பெயர் பல நேரம் நடந்து போனவருடையதாகவோ, சைக்கிளில் போனவருடையதாகவோ இருக்கும். உன் ‘நான்தானே’ அந்தக் கட்டில் எங்கேயும் இல்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். அறுபத்தாறு வயது அம்மாள், வாசலில் இட்லிக் கடை போட்டவர். விடியற்காலை பால் பாக்கெட் வாங்க ரோட்டைக் கடந்தார். வந்தவன் கல்லூரி மூன்றாம் வருடம், இரண்டு சிநேகிதர்களோடு போட்டி போட்டுக்கொண்டு. அவனுக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். அம்மாளுக்கு இடுப்பு எலும்பு போயிற்று. அந்த வயதில் இடுப்பு எலும்பு போனால் ஆபரேஷன் ஒரு பாகம்தான். படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, பாத்ரூமுக்குக்கூட ஆள் வேண்டும் என்கிற அவமானம், எல்லாம் பின்னாலேயே வரும். பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாமல் மகள் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டார். மகளின் அந்தச் சம்பளத்தை மனுவில் எந்தத் தலைப்பில் கேட்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். ‘உதவியாளர் செலவு’ என்று ஒரு தலைப்பு உண்டு. ஆனால் அதற்குப் போடுகிற தொகை ஒரு சம்பளத்துக்கு ஈடாக வருவது அபூர்வம்.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்டார்: ‘ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் ஏன் கடந்தீர்கள்?’ அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், அடிபட்டவர் பக்கமும் கொஞ்சம் தப்பு இருந்தது என்று நிரூபித்தால் தொகையில் ஒரு பங்கு குறையும். அம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டே, ‘கோடு போட்ட எடம் எங்க இருக்குன்னு காட்டுங்க ஐயா, நாளையிலிருந்து அங்கேயே போறேன்’ என்றார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

‘அந்தக் கிழவி பார்த்து வந்திருக்கலாமே’ என்று உனக்குத் தோன்றும். பார்த்துத்தான் வந்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி, உனக்குக் கணக்கு வரும். இரண்டு லேன் ரோட்டின் அகலம் சுமார் 7 மீட்டர். வயதானவர்கள் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தாலே அதிகம், ஆக 7 நொடி. உன் வண்டி 120 மீட்டர் தள்ளி வருவதை அவர் பார்க்கிறார். எல்லோரையும் போல 50 கிலோமீட்டர் வேகத்தில் நீ வந்தால் அவரிடம் வந்து சேர எட்டரை நொடிக்கு மேல் ஆகும். அவர் அந்தப் பக்கம் ஏறியிருப்பார். 90-ல் வந்தால் ஐந்து நொடிகூட இல்லை. நடு ரோட்டில் நிற்பார். இத்தனை வருடமாக ரோட்டைக் கடந்து பழகிய கணக்கைத்தான் அவர் போட்டார். உன் வேகம் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. அதிலும் பைக் மெலிந்த வண்டி. தூரத்திலிருந்து வருகிற பஸ்ஸின் வேகத்தை மனுஷக் கண் ஓரளவு சரியாகப் பிடிக்கும். பைக் பெரும்பாலும் உள்ளதைவிடத் தள்ளி இருப்பதாகவே தோன்றும்.

சரி, பிரேக் இருக்கிறதே என்பாய். 90-ல் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஆள் நிற்பதைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை லீவரை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடும். 25 மீட்டர் காலி. அதற்குப் பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், பதறாமல் பிடித்தால் இன்னொரு 45 மீட்டர். மொத்தம் 70. முன் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முன் பிரேக்குக்கு என்ன வேலை என்பதை நீயே யோசித்துக்கொள். ஏ.பி.எஸ். இருக்கிறது என்று சொல்லாதே. தரையைத் தொடாத சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். எதற்கு?

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. செத்துப்போனவர்களுக்கு நாங்கள் எப்படித் தொகை போடுகிறோம் என்று உனக்குத் தெரியுமா? சரளா வர்மா வழக்கில் 2009-லும் பிரணய் சேத்தி வழக்கில் 2017-லும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த முறை. முப்பத்தெட்டு வயது பிளம்பர் ஒருவர், மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வை. சொந்தத் தொழில், நாற்பதுக்குக் கீழ், எனவே வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பியிருப்பதால், அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கு கழியும். மிச்சம் 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வருடத் தொகையைப் பெருக்குகிற எண், அதாவது மல்டிபிளையர், அவர் வயதுக்கு 15. ஆக 28,35,000 ரூபாய். அதற்கு மேல் ஈமச் செலவு, துணையை இழந்ததற்கு என்று இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான் மனுஷன். அதே இட்லிக்கடை அம்மாள் இறந்திருந்தால்? அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மல்டிபிளையர் வெறும் 5, வருங்கால உயர்வும் கிடையாது. மாதம் 12,000 சம்பாதித்தார் என்று நான் நிரூபித்தாலும், நம்பியிருப்பவர்கள் குறைவு என்பதால் சொந்தச் செலவு இன்னும் அதிகமாகக் கழிந்து, இந்தக் கணக்கு ஐந்து லட்சத்தைத் தொடாது. நிரூபிப்பதும் சும்மா இல்லை. இட்லி விற்றவருக்கு ஏது சம்பளச் சீட்டு?

அந்த மல்டிபிளையர் அட்டவணையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும், அது வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தீர்ப்பும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஆனாலும் கால்குலேட்டரைத் தட்டுகிற நாளெல்லாம் ஒரு குமட்டல் வரத்தான் செய்கிறது. ஒரு பையன் அரை நிமிட ரீல்ஸுக்காக எடுத்த துணிச்சலின் பில்லை அவனை ஒருநாளும் பார்த்திராத குடும்பம் கட்டுகிறது. விழுந்தால் நீதானே விழுவாய் என்றாயே, உன்னிடமாவது ஹெல்மெட் இருக்கிறது, என்ன செய்யப்போகிறோம் என்றும் தெரியும். தண்ணீர் கேன்காரரை யாராவது கேட்டீர்களா?

இப்படி யாரும் கேட்காதவர்களின் கணக்கும் இருக்கிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை சொல்கிறது. எல்லாம் பைக்கால் என்று நான் சொல்லவில்லை. லாரி, கார், பஸ் எல்லாம் அதில் அடக்கம். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

வீடியோவில் இன்னொன்றும் பார்த்தேன். உன் நண்பனின் நம்பர் பிளேட் மேல் நோக்கி மடங்கியிருக்கிறது. போலீஸ் கேமராவுக்குத் தப்பிக்க என்று எனக்குத் தெரியும். அதன் இன்னொரு விளைவை அவனுக்குச் சொல். இடித்துவிட்டுப் போன வண்டி எது என்று தெரியாவிட்டால் நான் யார் மேல் மனு போடுவது? அரசாங்கத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. அதே பிளம்பர், அதே பிள்ளைகள், 28 லட்சம் இருக்கிற இடத்தில் 2 லட்சம். மடங்கிய அந்தத் தகரத்தால் மிச்சமாவது அவனுடைய அபராதம் மட்டுமில்லை என்று சொல்.

உன் வண்டிக்கு வருவோம். ஆர்.சி. என் அக்கா பெயரில். விபத்து மனுவில் முதல் எதிர்மனுதாரராக நாங்கள் போடுவது வண்டியின் சொந்தக்காரரை. இரண்டாவதாகத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி. நீ யாரையாவது இடித்தால் சம்மன் திருச்சிக்குப் போகும், உன் அம்மா பெயருக்கு. பாலிசி உயிரோடு இருந்து, உன் லைசென்ஸும் சரியாக இருந்தால் கம்பெனி கட்டிவிடும். ஆனால் பாலிசியில் பொடி எழுத்தில் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தக்கூடாது என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பார். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. அந்த ஐந்து வருடம் முடிகிற தேதியை வீட்டில் ஒருவரும் நினைவில் வைப்பதில்லை. அது முடிந்த மறுநாள் விபத்து நடந்தால் முழுத் தொகையும் அக்கா தலையில். லைசென்ஸ் இல்லாத ஜூனியர் ஒருவனுக்கு ‘ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா’ என்று சாவி கொடுப்பதாகப் போன மாதம் சொன்னாயே, அவன் யாரையாவது இடித்தால் கோர்ட் பெரும்பாலும் கம்பெனியை முதலில் அடிபட்டவருக்குக் கட்டச் சொல்லும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். தாத்தா கட்டிய வீடு ஒன்றுதான் அக்காவிடம் இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் இன்னும் மோசம். வண்டிக்காரருக்கும் அவன் பெற்றோருக்கும் மூன்று வருடம் வரை ஜெயிலும் 25,000 அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, அவனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஜெயில் கதை சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்தாரே உங்கள் யூடியூபர், அவர் லைசென்ஸைப் பத்து வருடத்துக்குப் பிடுங்கினார்கள். உங்கள் செட் அடங்கிவிட்டதா என்ன? அப்போது ஊரே பேசியது அவருடைய அடிபட்ட கையைப் பற்றியும் பைக்கின் விலையைப் பற்றியும். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வேறு யார் வந்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு டி.வி.யாவது கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்திக்கு பைக் என்றாலே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதே. உன் தாத்தா சோழவரம் பழைய ஏரோடிரோம் ஓடுதளத்தில் நடந்த ரேஸுக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனவர். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்குவதை நானும் அனுபவித்திருக்கிறேன், அக்காதான் காதைப் பொத்திக்கொள்வாள். இப்போது ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், கொடி காட்ட ஆள், பக்கத்தில் ஆம்புலன்ஸ், லெதர் சூட். முக்கியமாக, பால் பாக்கெட் வாங்க யாரும் குறுக்கே வர மாட்டார்கள். உண்மையிலேயே ஓட்டத் தெரிந்தவனா என்று பார்க்க ஆசை இருந்தால் அங்கே போ. பயிற்சிக்குப் பணம் நான் கட்டுகிறேன். ரேடியல் ரோட்டில் தெரிய வருவது எதிரில் வந்தவர் எவ்வளவு சாமர்த்தியமாக ஒதுங்கினார் என்பது மட்டும்தான்.

எப்போதாவது, ஆண்டவன் புண்ணியத்தில் அப்படி ஆகாமல் இருக்கட்டும், யாரையாவது இடித்துவிட்டால் ஓடாதே. கூட்டம் அடிக்கும் என்று பயந்துதான் பலர் ஓடுகிறார்கள். அடித்தாலும் நில். 108-க்கு போன் செய். எங்களைப் போன்றவர்கள் வருவது பிறகு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசாங்கத் திட்டம் இருக்கிறது, அடிபட்டவர் கையில் பணம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு நீயே தகவல் சொல். அதற்குப் பிறகு எனக்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும்.

இப்போதைக்கு மூன்று காரியம். கழற்றிய கண்ணாடிகளை மாட்டு. நீ மாட்டியிருக்கிற சத்தமான சைலன்சரை மாற்றி, கம்பெனி சைலன்சரைப் போடு. உன் ஹாஸ்டல் பக்கத்தில் கைக்குழந்தைக்காரர்களும் இருப்பார்கள். பாலிசி எந்தத் தேதி வரை என்று பார்த்து, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. முடிந்திருந்தால் புதுப்பிக்கிற வரை வண்டியை வெளியே எடுக்காதே, எம்.டி.சி. பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வீடியோவை அக்காவுக்கு நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். நீயே சொல்லிவிடு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சொன்னால் போதும், போனில் வேண்டாம், அவளுக்கு பி.பி. இருக்கிறது.

அன்புடன்,
சித்தி