தூரிகை பிடித்த கை சேர்த்த செல்வம்

காரைக்கால் வீதிகளில் மாலை வேளையில் நடப்பது மனத்திற்கு இதமானது. அரசலாறு கடலோடு கலக்கும் திசையிலிருந்து காற்று மெல்ல வந்து தழுவும். 1739-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமான ஊர் இது. 1954-இல் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962-இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. பிரெஞ்சு அரசுப் பணிக்காகக் கடல் கடந்து சைகோன் வரை சென்ற குடும்பங்கள் இங்கே பல. ஆகவே, இவ்வூரின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி வீட்டுப் பெட்டிகளுக்குள் உறங்குகிறது.

அத்தகைய ஒரு பெட்டியைப் பற்றிய நம் பிழையை வாசக அன்பர்களிடம் மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மூதாட்டி ஒருவரின் வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். வெள்ளையடிக்கும் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி. அதனுள் அவருடைய மாமனார் சைகோனிலிருந்து எழுதிய கடிதங்கள், பழைய திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள்.

“சாமி, கரையான் ஏறிவிட்டது. இவற்றை என்ன செய்வது?” என்று கேட்டார்.

“வீடெங்கும் பரவிவிடும், அம்மா. எரித்துவிடுங்கள்” என்றோம்.

அன்றே கொல்லையில் எரிந்து சாம்பலாயின. மறு ஆண்டு பிரான்சு நாட்டிலிருந்து வந்த பேரன், பாட்டனாரின் கையெழுத்தை ஒருமுறையேனும் காண வேண்டும் என்றான். அந்த அம்மையார் நம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாமே உண்மையைச் சொல்லித் தலைகுனிந்தோம்.

அதன் பின்னர் ஒரு பணியின் பொருட்டுச் சென்னை சென்றபோது, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அந்நூலகத்திற்குப் பெயர் தந்தவர் பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ஓவியத் தொழிலாளர். எழுத்தை அளந்து, கோடு பிசகாமல் வண்ணம் தீட்டுவது அவர் தொழில். அச்செழுத்தைத் தேடிச் சேர்ப்பதோ அவர் வாழ்நாள் வேட்கை. பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கினார். நூல்களோடும் இதழ்களோடும் அவர் நிற்கவில்லை. படித்தவர்களும் குப்பையென ஒதுக்கிய அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். ஆராய்ச்சியாளர்கள் அவரது கோட்டையூர் இல்லத்தைத் தேடிச் சென்றனர்.

அவர் 1992-இல் மறைந்தார். ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள் கொண்ட அச்செல்வம் சிதறிப் போயிருக்கக்கூடும். நல்வாய்ப்பாக, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அதனை வாங்கியது. ஆயினும் கடல் கடத்திச் செல்லாமல் சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. இன்று உலகெங்குமிருந்து தமிழ் ஆய்வாளர்கள் அதனை நாடி வருகின்றனர்.

அங்கே நின்றபோது, கொல்லையில் எழுந்த புகையே நம் கண்முன் தோன்றியது. நாம் எரிக்கச் சொன்னவை போன்ற தாள்களை அந்தத் தொழிலாளர் காசு கொடுத்து வாங்கிக் காத்திருந்தார்!

ஊர் திரும்பியதும் அம்மூதாட்டியைச் சந்தித்துக் கண்டதைக் கூறினோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “நாத்தனார் வீட்டுப் பரணில் இன்னொரு பெட்டி இருக்கிறது, சாமி” என்றார். இளைஞர் இருவரோடு சென்று அதனை இறக்கி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து, குறிப்பேட்டில் பதிந்தோம். பேரனுக்கும் அப்படங்கள் சென்றன. பாட்டனாரின் கையெழுத்து அவற்றுள் இரண்டு கடிதங்களில் இருந்தது.

அன்பார்ந்த குடும்பத்தாரே! உங்கள் இல்லத்திலும் ஒரு பெட்டி இருக்கலாம். முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே திறந்து பாருங்கள். புகைப்படத்தின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். கரையான் வந்தால் தாளை எரிக்காதீர்கள், பெட்டியை மாற்றுங்கள். இதற்குப் பெரும்படிப்புத் தேவையில்லை என்பதற்குக் கோட்டையூர்ப் பெயர்ப்பலகை ஓவியரே சான்று.